பார்ட்டி சொன்னது

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையிலும் மருத்துவமனைச் சீட்டிலும் அது பத்திரமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. டேக்கக்கா வீடு என்று கேட்டால் யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சைக் கதவு, உள்ளே எந்நேரமும் ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீடு.

ஜீன்ஸ் துணியை வெளுக்கிற வாஷிங் பட்டறையில் பதினெட்டு வருஷம் அவள் பார்த்தது டேக் கட்டுகிற வேலை. புதுப் பேன்ட் வாங்குகிறவர்களுக்கு அது பழசாகத் தெரிய வேண்டும் என்று ஓர் ஆசை. முட்டியில் கொஞ்சம் வெளுப்பு, தொடையில் கொஞ்சம் வெளுப்பு, பத்து வருஷம் போட்டு உழைத்த மாதிரி ஒரு தோற்றம். உழைக்காமலே உழைத்த தோற்றம் வேண்டுமென்றால் வேறு யாராவது உழைத்தாக வேண்டும். அந்த யாராவது மணல் ரூமுக்குள் இருந்தார்கள்.

மணல் ரூம் என்பது பட்டறையின் கடைசியில் தகரக் கதவு போட்ட ஓர் அறை. கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயைக் கையில் பிடித்து, மணலைப் பேன்ட்டின் மேல் சீறி அடிக்க வேண்டும். தூசி மற்ற துணியில் படியக் கூடாது என்று கதவை எப்போதும் சாத்தி வைப்பார்கள். துணியின் மேல் அவ்வளவு அக்கறை. உள்ளே இருக்கிற ஆளுக்கு ஈரக் கைக்குட்டை. அதை மூக்கில் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால், மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். அப்படி வெளியே வந்த கண்களில் ஒரு ஜோடியைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். “முகத்தைப் பார்க்காமலே சம்மதிச்சது உலகத்துலயே நீ ஒருத்திதான்” என்று அவர் கேலி செய்வார். “முகத்தைப் பார்த்திருந்தா யோசிச்சிருப்பேன்” என்பாள் அவள். கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இந்தக் கேலி நடந்தது. பிறகு அவருக்குச் சிரித்தால் இருமல் வர ஆரம்பித்தது. கேலி குறைந்துவிட்டது.

அந்தத் தொழிலில் வேலை கொடுக்கிறவர்களுக்குப் பெயர் பார்ட்டி. உள்ளூர்ப் பார்ட்டி, வெளிநாட்டுப் பார்ட்டி, சரக்கைத் திருப்பி அனுப்புகிற சள்ளைபிடித்த பார்ட்டி. ‘பார்ட்டி வராங்க’ என்று மேனேஜர் சொன்னால் தரையைக் கழுவுவார்கள், உடைந்த ஸ்டூலை ஒளித்து வைப்பார்கள். அவர்கள் பட்டறைக்குப் பெரிய பார்ட்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒருவன் வருவான். ஆறடிக்கு மேல் உயரம், உயரத்துக்குத் தகுந்த உடம்பு இல்லை. ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி வரும்போது தனக்கென்று ஒரு மாஸ்க் கொண்டுவருவான், இரண்டு பக்கமும் உருண்டையாக வடிகட்டி வைத்தது. அதை மாட்டிக்கொண்டு மணல் ரூம் வாசலில் நிற்பான். கையில் சாம்பிள் பேன்ட் இருக்கும். அடித்துவந்த பேன்ட்டை அதோடு ஒட்டிவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பான். சரியாக இருந்தால் டேக்கக்காவிடம் பச்சை டேக் கட்டச் சொல்வான். இல்லையென்றால் சிவப்பு, மறுபடியும் மணல் ரூம்.

அவருக்கு மூச்சு கெட்டது. பட்டறையில் ஏழு பேருக்குக் கெட்டது. நுரையீரலில் மணல் தூசி படிந்து இறுகிவிட்டது, இனி இளகாது என்றார் டாக்டர். “ஒரு நாள்ல வர்ற வியாதி இல்லம்மா இது. வருஷக்கணக்கா உள்ள போயிருக்கு.” டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. அவளுக்கு வருஷக்கணக்கு தெரியாது, ஒரே ஒரு நாள்தான் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏழு பேரில் இருவர் போய்ச் சேர்ந்த பிறகு, வக்கீலம்மா அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். நகல் எடுக்கிற கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையும் ஒரு முன்னறையுமாக ஆபீஸ் வைத்திருப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும், வேகமாகப் பேசுவாள், பேசி முடித்ததும் “புரிஞ்சுதா அக்கா?” என்று கேட்டு, புரியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். அந்த ஒரு குணத்துக்காகவே டேக்கக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வெளிநாட்டு வக்கீல்கள் சிலரோடு சேர்ந்து, அந்தக் கம்பெனியின் மேல் அந்தக் கம்பெனியின் நாட்டிலேயே வழக்குப் போடப்போவதாகச் சொன்னாள்.

போட்டார்கள். போட்ட பிறகுதான் தெரிந்தது, வழக்குக்கு முன்னால் இன்னொரு வழக்கு உண்டென்று. இதை யார் கேட்பது என்கிற வழக்கு. கம்பெனி வக்கீல்கள் சொன்னது இதுதான்: தூசி பறந்தது அங்கே, மூச்சு கெட்டது அங்கே, பட்டறையும் அங்கே, அப்புறம் எங்கள் கோர்ட்டுக்கு என்ன வேலை, அங்கேயே போய்க் கேட்கட்டும். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இங்கே யாரைக் கேட்பது? பட்டறை முதலாளி ஷட்டரை இறக்கி, கம்ப்ரஸர் முதற்கொண்டு விற்று, கம்பெனிப் பதிவையும் ரத்து செய்துவிட்டு, எங்கே இருக்கிறார் என்று அவர் மாமியாருக்கே தெரியாத இடத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. டைல்ஸ் கடைக்காரன் மேலா வழக்குப் போட முடியும்?

“இன்னொண்ணும் இருக்குக்கா” என்றாள் வக்கீலம்மா. “அந்தக் கோர்ட்டு கேட்டாலும், நம்ம நாட்டுச் சட்டத்தை வெச்சுத்தான் தீர்ப்புச் சொல்லும். ஏன்னா கேடு நடந்தது இங்க. புரிஞ்சுதா?”

டேக்கக்கா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நம்ம சட்டம் அங்க போகலாம். நாமதான் போகக் கூடாது.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். “அவங்க சொல்றது அதுதான். நாம போகணும்னா ஒண்ணைக் காட்டணும். அந்தக் கம்பெனி வெறுமனே சரக்கு வாங்கிட்டுப் போகல, அவங்க ஆளே உள்ள வந்து வேலையில கைவெச்சான்னு காட்டணும். அதைப் பக்கத்துல நின்னு பார்த்தது நீங்க ஒருத்திதான்.”

அதனால் அவளும் வாக்குமூலம் கொடுத்தாள். வாய்வார்த்தையாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். பதிவு செய்து அங்கே அனுப்பினார்கள். அங்கே அதை மொழிபெயர்த்தவர், அந்த நாட்டிலேயே பிறந்து, அம்மாவிடம் வீட்டில் தமிழ் கற்றவர். நல்ல தமிழ்தான், குறை சொல்ல முடியாது. பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத தமிழ், அவ்வளவுதான்.

மொழிபெயர்த்த காகிதம் திரும்பி வந்தது. மருந்துக்கடையில் வேலை செய்கிற மகள் அதை வாங்கிப் படித்தாள். படித்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அம்மா, நீ என்ன பார்ட்டிக்குப் போன?”

“எந்தப் பார்ட்டிக்கு?”

“இங்க போட்டிருக்காங்களே. விருந்து நாள்ல வேலை ஜாஸ்தியாம். விருந்துல சில பேர் நின்னுக்கிட்டு, அடி, இன்னும் அடின்னு கத்துவாங்களாம். அவங்க எல்லாரும் முகமூடி போட்டிருப்பாங்களாம்.”

டேக்கக்கா சொன்னது இவ்வளவுதான்: ‘பார்ட்டி வந்தா வேலை ஜாஸ்தி. பார்ட்டி நின்னுக்கிட்டு இன்னும் அடி, இன்னும் அடின்னு சொல்வாங்க. அவங்க மாஸ்க் போட்டிருப்பாங்க. எங்களுக்குக் கைக்குட்டைதான்.’ அது கடல் தாண்டிப் போய் முகமூடி விருந்தாகத் திரும்பி வந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் மற்ற இருவருக்கும் சிரிப்பு போய்விட்டது.

வக்கீலம்மா சிரிக்கவே இல்லை. கம்பெனி வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே பதில் போட்டிருந்தார்கள்: பட்டறைக்குள் கேளிக்கையும் கைகலப்பும் நடந்திருப்பதாகச் சாட்சியே சொல்கிறார், எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, இதற்கெல்லாம் நாங்களா பொறுப்பு? மொழிபெயர்ப்பு தவறென்று நம் தரப்பில் திருத்தம் கொடுத்தார்கள். திருத்தம் வழக்குக்காக ஜோடித்தது என்றார்கள் அவர்கள். கடைசியில் அந்த நாட்டு நீதிபதி, எந்தப் பேப்பரும் வேண்டாம், அந்த அம்மாவையே வீடியோவில் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்டுக் காலை நேரம், இங்கே மதியம் இரண்டரை மணி.

“பயப்படாதீங்க அக்கா. உள்ளதைச் சொன்னாப் போதும்” என்றாள் வக்கீலம்மா.

உள்ளதைச் சொல்வதில்தான் அவளுக்குப் பயம்.

இப்போது அந்த ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. மேனேஜர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கென்று லீவில் போயிருந்தார். ஒட்டடைக்குச்சி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அன்றைய லாட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையில் அடித்த கட்டிலிருந்து, ஒரு பேன்ட்டை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். தலையை ஆட்டினான், வெளுப்பு போதாது. யாரிடம் சொல்வது என்று சுற்றிப் பார்த்தான். பட்டறையில் நாற்பது பேர் நின்றார்கள். அவன் அந்தப் பேன்ட்டை டேக்கக்காவின் கையில் கொடுத்தான். மணல் ரூமைக் காட்டினான். இரண்டு விரலை உயர்த்தினான். இன்னும் இரண்டு சுற்று.

அவர் அன்று காலையிலேயே மணல் ரூமிலிருந்து வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் ஒரு கிளினிக்கில் தூசியைவிட்டு விலகச் சொல்லியிருந்தார்கள். “இனிமே அந்தக் கதவுக்குள்ள போறதா இல்ல டேக்கு” என்று அவளிடம் சொல்லியிருந்தார். தனியாக இருக்கும்போது அவளை அப்படித்தான் கூப்பிடுவார். பேன்ட்டோடு அவள் போய் நின்றதும், “முடியாது, வேற ஆளைப் பாரு” என்றார்.

“இந்த ஒரு லாட்டு மட்டும்ங்க. பார்ட்டி நிக்கிறாங்க. பார்த்துக்கிட்டே இருக்காங்க.”

இரண்டு விரலைக் காட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டு உள்ளே போனார். லாட்டு முடிய மூன்றரை மணி நேரம் ஆனது. பச்சை டேக்கை அவள்தான் கட்டினாள். ஒரு லாட்டு என்றது ஒரு லாட்டோடு நிற்குமா? அதற்கப்புறம் எட்டு மாதம், கால் தள்ளாடி விழுகிற வரைக்கும், அவர் அந்த ரூமுக்குள்தான் இருந்தார்.

இதிலே அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. நாற்பது பேர் பார்க்க அந்த வெளிநாட்டுக்காரன் அவள் கையில் பேன்ட்டைக் கொடுத்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் குழாயடிக்கு நடந்தாள். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மாலை, ஆக்சிஜன் மெஷினின் தண்ணீர்க் குப்பியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“உங்க வாக்குமூலத்துல உங்களை உள்ள போகச் சொன்னது மேனேஜர்னு சொல்லியிருக்கீங்களாமே.”

“ஆமா.”

“அன்னைக்கு மேனேஜர் லீவு.”

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பேசுவதற்கு அவருக்கு மூச்சைச் சேர்த்துவைக்க வேண்டும், எதையும் வீணாகச் சொல்ல முடியாது.

“கோர்ட்டுல உன்னை எதுக்கு இழுக்கணும்னு சொன்னேன். நீயும் மேனேஜர்னே சொல்லிடு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியது இவ்வளவுதான். அவர் மறந்துவிட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். மறந்திருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டாரே என்று இப்போது புரிந்தது. அழுகை வந்தது. குப்பியில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் அவரும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வாடகை வண்டியில் மெஷினோடு ஏற்றி, நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். சாட்சி சொல்லும்போது அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. அவரை முன்னறையில் பெஞ்சில் உட்காரவைத்து, மெஷினுக்கு நீளமாக ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்தினார்கள். கீழே நகல் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் மெஷினை ஓட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள் வக்கீலம்மா. அலமாரியில் அடுக்கிய கட்டுகள் தெரியாமல் பின்னால் ஒரு நீலப் போர்வை கட்டியிருந்தது. டேக்கக்கா வேர்த்து வழிய, திரையில் நான்கு சதுரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றில் நரைத்த தலையோடு நீதிபதி. ஒன்றில் கம்பெனி வக்கீல். ஒன்றில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவர். கடைசிச் சதுரத்தில் அவளே, அடையாளம் தெரியாத மாதிரி.

இந்த முறை மொழிபெயர்க்க வந்தவர் வேறு ஆள். இவர் தமிழ் இன்னும் பெரிய தமிழ், கம்பெனி வக்கீலின் கேள்வி அதில்தான் வந்தது.

“தாங்கள் குறிப்பிடும் பார்ட்டி என்பது யாது?”

“துணியைக் கொடுத்து நம்மகிட்ட வேலை வாங்குறவங்கதாங்க பார்ட்டி. எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம்.”

“ஆகவே அது விருந்து அல்ல?”

“விருந்தா? டீ குடிக்கவே பத்து நிமிஷம்தான் விடுவாங்க.”

நீதிபதிக்கு அது போய்ச் சேர்ந்ததும் அவர் எதையோ எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல் அடுத்ததைக் கேட்டார். ‘சொன்னார்கள்’ என்று வாக்குமூலத்தில் இருக்கிறதே, எத்தனை பேர்? யார் யார்?

“ஒரே ஆளுதாங்க.”

“ஒருவர் எனில் ‘சொன்னான்’ என்றல்லவா கூறியிருக்க வேண்டும்?”

“பெரிய பார்ட்டியாச்சேன்னு மரியாதைக்கு ‘ங்க’ போட்டேன். மரியாதை கொடுத்ததும் தப்பாயிடுச்சா?”

ஒரு ‘ங்க’வை விளக்க மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று நிமிஷம் பிடித்தது. வக்கீல் விடவில்லை. அந்த ஆளுக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர் மொழி தெரியாது, அப்புறம் எப்படிச் சொன்னார்?

“இப்படி.” இரண்டு விரலைக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள். “பேன்ட்டை என் கையில கொடுத்து, மணல் ரூமைக் காமிச்சு, இப்படி. இதுக்கு எந்த மொழி வேணும்?”

அப்போது நீதிபதி கையை உயர்த்தினார். பின்னணியில் விடாமல் ஏதோ சத்தம் வருகிறது, அந்த இயந்திரத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் இழுத்து விட்டு, இழுத்து விட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்த முடியாதுங்க” என்றாள். “அதுலதான் என் வீட்டுக்காரர் மூச்சு விடறாரு.”

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்ல மூன்று நிமிஷம் எடுக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மன்னிக்க வேண்டும், தொடருங்கள் என்றார்.

கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“அன்றைய தினம் தங்கள் கணவரை மணல் அறைக்குள் செல்லுமாறு பணித்தவர் யார்? மேலாளர் என்று அவர் தமது வாக்குமூலத்தில் கூறியுள்ளார். அது மெய்தானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவரே சொல்லச் சொன்னதுதான். நாக்கு நுனிவரைக்கும் அது வந்துவிட்டது. கதவுக்கு வெளியே அந்தச் சத்தம். தனக்காக ஒருத்தர் சேர்த்துவைத்த மூச்சைச் செலவழித்துப் பொய் சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் தானும் ஒரு பொய்யை அடுக்குவதா என்று இருந்தது அவளுக்கு.

“இல்லைங்க. மேனேஜர் அன்னைக்கு வரவே இல்ல. நான்தான் சொன்னேன்.”

“தாங்களா?”

“நானேதான். அவர் முடியாதுன்னாரு. ஒரு லாட்டு மட்டும், பார்ட்டி நிக்கிறாங்கன்னு சொல்லி நான்தான் அனுப்பினேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு மேனேஜர்னு சொல்லிட்டாரு. அவர் மேல தப்பு இல்ல.”

ஆக, உங்கள் கணவரை உள்ளே அனுப்பியது எங்கள் கம்பெனி இல்லை, நீங்கள்தான் என்று வக்கீல் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஆமாங்க, நான்தான். ஆனா அந்தப் பேன்ட்டு தானா வந்து என் கையில உக்காரல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என் தப்பு என்கிட்ட இருக்கட்டும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவர் காமிச்ச ரெண்டு விரலு அவர்கிட்ட இருக்கணுமில்ல. அதையும் சேர்த்து நானே வெச்சுக்கணுமா?”

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை அப்படியே கட்டுக்குள் வைத்துவிட்டார். இனிக் கேள்வி இல்லை என்றார்.

திரை அணைந்ததும் வக்கீலம்மா உள்ளே ஓடிவந்தாள். அவள் முன்னறையில் வேறொரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தவள். “அவர் கையில என்ன பேப்பர் வெச்சிருந்தாரு தெரியுமா அக்கா? மேனேஜரோட லீவுச் சீட்டுன்னு அங்க இருக்கிற நம்ம வக்கீல் இப்பத்தான் சொன்னாரு. நீங்க மேனேஜர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைக் காட்டி ரெண்டு பேரும் பொய்யின்னு முடிச்சிருப்பாரு. இப்ப மேனேஜரே இல்லாத நாள்ல அவங்க ஆளே நேரா வேலை ஏவியிருக்கான்னு ஆயிடுச்சு. புரிஞ்சுதா?”

புரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. முன்னறைக்குப் போனாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சொல்லித்தான் அப்பா அன்று மணல் ரூமுக்குள் போனார் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். டேக்கக்கா பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எதிரே உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை.

“கேட்டுதா?”

“கேட்டுது.”

“கோபமா?”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “உன் மேலயா? ஒட்டடைக்குச்சியை நான் அன்னைக்குப் பார்க்கவே இல்ல டேக்கு. குழாயடியிலேர்ந்து தெரியாது.” மறுபடியும் மூச்சை இழுத்தார். “நீ சொன்ன. போனேன்.”

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் என்று சில நாள் தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். நல்ல மூச்சு இருக்கிற நாளாகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டாள். அப்படி ஒரு நாள் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவர் மட்டும் நின்றுவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அறுபது பக்கம். வழக்கை அந்த நாட்டுக் கோர்ட்டே கேட்கும். கம்பெனியின் ஆள் பட்டறைக்குள் நின்று வேலையை நேரடியாக நடத்தினாரா என்பது விசாரிக்க வேண்டிய விஷயம்தான். முப்பத்தெட்டாம் பக்கத்தில் அந்த இரண்டு விரலைப் பற்றியும் எழுதியிருந்தது. இனிமேல்தான் உண்மையான வழக்கே ஆரம்பம், எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது என்றாள் வக்கீலம்மா. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நகல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறைப் பெஞ்சில் யாரும் இல்லை.

வக்கீலம்மா ஒரு படிவத்தை மேஜையில் வைத்தாள். அதில் அவருடைய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் காலி இடம்.

“அவர் போட்ட வழக்கை அவர் இடத்துல இருந்து நடத்த ஒருத்தர் வேணும்க்கா. மனைவிங்கிற முறையில அது நீங்கதான். இத்தனை நாள் நீங்க சாட்சி. இனிமே கேஸ்ல வழக்காடுற கட்சியே நீங்க, நீங்கதான் பார்ட்டி.”

சொன்ன பிறகுதான் வக்கீலம்மாவுக்கே அந்த வார்த்தை காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டேக்கக்கா பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் பார்ட்டி நிற்கிறார்கள், பார்ட்டி பார்க்கிறார்கள், பார்ட்டி சொன்னார்கள் என்றே ஓடியவள்.

“பார்ட்டி சொன்னா கேட்டுத்தான ஆகணும், வக்கீலம்மா?”

“கேக்க வைக்கலாம்க்கா. பார்ப்போம்.”

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தெருவில் யாருக்கும் தெரியாத அந்தப் பெயரை, பெற்றவர்கள் வைத்த பெயரை, எழுத்துக் கூட்டி முழுசாக எழுதினாள்.